எங்கள் வீட்டு விருந்தில் வெட்டுக்கிளி இல்லை

உத்தமபாளையம்,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

கண்ணியமிகு சம்பந்தி ஜனாப் ஹனீபா அவர்கள் சமூகத்திற்கு, உரம், பூச்சிமருந்துக் கடை ரியாசுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே யாவரும் சுகம், பசி மட்டும் கொஞ்சம் குறைவு. கம்பத்தில் தாங்களும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் பேசினால் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் கோபப்பட்டுவிடுவேன் என்று என் வீட்டம்மா கைருன்னிசா சொல்வதால், இதை எழுதி மைத்துனர் சலீம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரஃபியாவின் நிக்காஹ் விருந்தில் ஆட்டுக்கறி பிரியாணிதான். வெட்டுக்கிளி பிரியாணி இல்லை.

நடந்தது இதுதான். பிரியாணி ஆக்கும் பண்டாரி வந்து பார்த்து, இந்த ஆடிக்காற்றில் தோட்டத்து மூலையில் அடுப்பு வெட்டினால்தான் தீ நிற்கும் என்றார். அந்த மூலையில் தொடை உயரத்துக்குப் புல்லும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கின்றன. மண்வெட்டியோடு உள்ளே காலை வைத்தேன், என் தாடியில் மூன்று வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன. பச்சை, பழுப்பு, கோடு போட்டது என்று குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. பள்ளத்தாக்கில் உள்ள திராட்சைப் பந்தலுக்கெல்லாம் முப்பது வருடமாக மருந்து விற்கிறவன் வீட்டில் இந்த நிலைமை. உடனே ஸ்பிரேயரை எடுத்தேன். பண்டாரி கையைப் பிடித்துக்கொண்டார். “மருந்தடிச்ச மண்ணுல நான் அடுப்பு வெட்ட மாட்டேன் பாய். சோத்துல வாடை ஏறிப்போகும்.” சரி, கையாலேயே பிடிப்போம் என்று முடிவு செய்தேன். பிடித்ததைப் போட மூடியுள்ள பாத்திரம் வேண்டுமே, வாடகைக்கு எடுத்துவந்த பிரியாணி தேக்சாதான் பக்கத்தில் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு அக்கம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். “என்ன பாய், அதைப் போயி தேக்சாவுல பிடிச்சுப் போடுறீக? உங்க ஆளுகளுக்கு அது ஆகுமா?” ஆகாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மார்க்க விஷயத்தில் ஒருவர் கேட்டால் முழுதாகச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. மீனையும் வெட்டுக்கிளியையும் அறுக்காமலே உண்ண அனுமதி உண்டு என்று விளக்கினேன். விளக்கும்போது ஒரு கையில் தேக்சா மூடி, மறு கையில் வெட்டுக்கிளி. “அப்படியா சங்கதி” என்று போய்விட்டார்.

மறுநாள் காலை தங்கள் அக்கா போன் செய்தார். “கைருன்னிசா, உங்க வெட்டுக்கிளி விருந்துப் பேச்சு கம்பம் வரைக்கும் வந்திருச்சு. எங்க ஆளுகளுக்காச்சும் கோழி போட முடியுமா? இப்படிப்பட்ட வீட்டுல சம்பந்தம் வைக்கணுமான்னு தம்பி ரோசனையா இருக்காப்ல.” அதிலிருந்து இவள் சாப்பிடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருப்பது ஒரே மகள். ஒரு பூச்சியால் அவள் நிக்காஹ் நின்றால் நான் தாங்கமாட்டேன்.

ரஃபியாவோ விலங்கியல் படித்தவள். “முட்டை வச்சிருக்கு அத்தா, விட்டுருங்க. நான் போனப்புறம் அங்கன எதாச்சும் குதிச்சுக்கிட்டு இருக்கட்டும்” என்கிறாள். நான் இளகவில்லை. நாளை ஜும்ஆ முடிந்ததும் மூலை சுத்தமாகும். அடுப்பு அங்கேதான். தேக்சா புதிது. என் வீட்டு வெட்டுக்கிளி ஒன்றுகூடத் தங்கள் குடும்பத்தார் கண்ணில் படாது. இது ரியாசுதீன் வாக்கு.

தங்கள் அக்காவுக்கு என் ஸலாம். மாப்பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் எங்கள் மீது நல்ல எண்ணத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
ரியாசுதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ரஃபியா அந்த மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். அடுப்பை வாசலில் வெட்டி, காற்றுக்கு மறைப்பாக உர மூட்டைகளை அடுக்கிக்கொள்கிறோம். தங்கள் தோட்டத்திலும் ஒரு மூலையைப் புல் வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். நீங்கள் விடுவீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் ரோசனை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சீர்ச் சாமான்களோடு வாயில் துணி கட்டிய தேக்சா ஒன்று வரும். அது சமையலுக்கு அல்ல.