தண்ணீர் பதினான்காம் பக்கத்தில்

கணபதி, கோவை
12.6.1994

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பாலகோபால் அவர்களுக்கு, மாமனார் சென்னகேசவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் பத்மாவதியும் நலம், பட்டறையும் நலம். தங்கள் நலத்தையும் அகமதாபாத் கண்காட்சியின் நலத்தையும் அறிய ஆவல். எஸ்.டி.டி. போனில் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதில் உள்ளவை வருமாறு:

1. நம் புதிய பம்புக்கு நான் எழுதிய தமிழ்க் கையேடு அமைந்த விதம்.
2. தாராபுரத்தில் ஒரு பம்பு கெட்டதற்கு நல்ல நேரம் பார்த்ததே காரணம், கையேடு அன்று.
3. கடைக்காரர் யாகூப் பாய் நம் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்புவதாகச் சொன்னது.
4. அதன்மேல் நான் எடுத்த நடவடிக்கைகள்.
5. முடிவு.

பாலிடெக்னிக்கில் பௌதிகம் நடத்திய காலம் முழுவதும், விளக்காத கலைச்சொல் எதையும் மாணவன் முன் வைப்பதில்லை என்பதை விரதமாகவே வைத்திருந்தேன். கையேட்டிலும் அப்படியே செய்தேன். ‘பிரைமிங் செய்த பிறகே மோட்டாரைப் போடவும்’ என்று முதல் வரி எழுதினேன். பிரைமிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும் அல்லவா? அதைச் சொல்ல உறிஞ்சு குழாய் வந்தது, உறிஞ்சுவது எப்படி என்று சொல்ல வெற்றிடம் வந்தது, வெற்றிடத்துக்கு வளிமண்டல அழுத்தம் வந்தது, அழுத்தத்தை அளக்கப் பாதரசம் வந்தது. பாதரசத்தோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் போக எனக்கே கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, பம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற செய்திக்கு வந்தபோது பதினான்காம் பக்கம் ஆகியிருந்தது. தாங்களும் ரயிலுக்குப் புறப்படும் அவசரத்தில், “மாமா எழுதினாச் சரியாத்தான் இருக்குமுங்க” என்று அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டீர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் சாமியாத்தாள் என்பவர் வெங்காயம் போட்டிருக்கிறார். யாகூப் பாய் கடையில் நம் பம்பை முதலில் வாங்கியவர் அவர்தான். கிணற்றுமேட்டில் பம்பை இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது என்று பார்த்து வைத்து, மருமகளைக் கையேட்டை உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பமே கைகட்டி நின்று கேட்டிருக்கிறது. அந்தப் பெண் வளிமண்டலத்தை எட்டுவதற்குள் மணி பத்து இருபத்தைந்து. நேரம் தப்பிவிடும் என்று பயந்து சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் பம்பு சுற்றி, சீல் கருகிவிட்டது. சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் அமைப்பு. பம்பு செய்கிற தங்களுக்கு இது தெரியும், விளக்கி எழுதியே எனக்குப் பழகிவிட்டது.

வியாழக்கிழமை யாகூப் பாய் பம்பையும் சாமியாத்தாளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். அந்த அம்மாள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

“ஏனுங்க வாத்தியாரய்யா, பொஸ்தகமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. பொட்டியில எல்லாச் சாமானும் இருந்துச்சுங்க. அந்தப் பாதரசத்த மட்டும் காணமுங்க. தாராபுரம் பூராக் கேட்டுப்போட்டோம், எந்தக் கடையிலயும் இல்லைன்னுட்டாங்க.”

பாதரசம் எதற்கென்று விளக்க வாயெடுத்தேன். யாகூப் பாய் முந்திக்கொண்டார். “அய்யா, நான் கடையில பம்பு விக்கறனா, பள்ளிக்கூடம் நடத்தறனா? வர்றவங்கெல்லாம் பாதரசம் கேக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லீன்னா மிச்சச் சரக்க லாரி ஏத்தித் திருப்பி உட்டுருவேன். மாப்பிள்ளை வந்து கோவிச்சுக்கிட்டாலும் செரி.”

அவர் கைவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு கடைக்காரர் நம் பம்பைத் தொடமாட்டார் என்று தாங்கள் சொல்லிவிட்டுப் போனது என் காதில் ஒலித்தது. பத்மாவதி மோர் கொண்டுவந்து கொடுத்து அவர்களை உட்கார வைத்தாள். ஆட்கள் பம்புக்குப் புதுச் சீல் போடுவதற்குள் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கையேட்டின் விளக்கங்கள் அத்தனையையும் அடித்தேன். அடிக்க அடிக்கக் கை நிற்கவில்லை மாப்பிள்ளை, மோட்டார் என்ற சொல் தப்பியதே பெரிது. கடைசியில் ‘பிரைமிங் செய்த பிறகே மோட்டாரைப் போடவும்’ என்ற ஒரு வரிதான் மிஞ்சியது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாமியாத்தாளிடம் கொடுத்தேன். அதற்குள் ஆட்கள் பம்பைப் பட்டறைத் தண்ணீர்த் தொட்டிமேல் பூட்டியிருந்தார்கள். படித்தவர் நேராகச் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் போய்க் குறுக்கே விழாத குறை.

“அம்மணி, பிரைமிங் செஞ்சுட்டீங்களா?”

“ஆச்சுங்களே. சந்தனம், குங்குமம் ரெண்டும் வெச்சிருக்குது, பாருங்க.”

பம்பைப் போடுவதற்கு முன் செய்வது அவர் வரையில் அதுதானே? யாகூப் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, “டிரைவரு எங்கப்பா?” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தாளையே திரும்ப வாங்கி, அந்த வரிக்குக் கீழே இப்படி எழுதினேன்: ‘பிரைமிங் என்பது பம்பின் தலையில் உள்ள மூடியைத் திறந்து, தண்ணீர் வழியும் வரை ஊற்றி, மூடியை இறுக்கி மூடுவது.’ எழுதி முடித்ததும் இதில் உறிஞ்சு குழாய் விடுபட்டுவிட்டதே என்று பேனா மறுபடி தாளுக்குப் போனது. பத்மாவதி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாமியாத்தாள் வாய்விட்டுப் படித்தார். “இவ்வளவுதானுங்களா?” என்று என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கு விவரிக்கவில்லை. குடத்தால் ஊற்றினார், வழிந்தது, மூடினார், சுவிட்சைப் போட்டார். குழாய்க்கு எதிரே டிரைவரைத் தேடிக்கொண்டிருந்த யாகூப் பாய் தலைமுதல் கால்வரை நனைந்துவிட்டார். சட்டையைப் பிழிந்தபடி, “இந்தத் தாள ஒவ்வொரு பொட்டியிலயும் மேலால ஒட்டிக் குடுங்க, சரக்கு இருக்கட்டும்” என்றார். அந்தப் பதினான்கு பக்கத்தை என்ன செய்வது என்று கேட்டேன். “மாப்பிள்ளை வந்து படிக்கட்டுமுங்க” என்றார்.

அடுத்த கையேட்டுக்குத் தாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதானால் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும். அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கண்காட்சியில் நம் பம்பின் முன்னால் கூட்டம் நிற்கவும், தாங்கள் சுகமாக வீடு வந்து சேரவும் வேங்கடேசப் பெருமாள் துணை இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
சென்னகேசவன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பத்மாவதி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பாதியிலேயே நிறுத்தி, “ஏனுங்கப்பா, சரக்கு திரும்பாமக் கடையிலயே நின்னுதுங்கற சேதி எங்க?” என்றாள். கடைசியில் வருகிறது கண்ணு என்றேன். “அவரு அங்க சரக்கு என்னாச்சோன்னு சோறு எறங்காம இருப்பாரு. நீங்க இதுலயும் பாதரசம் வரைக்கும் போயிட்டு வாரீங்க” என்றாள். ஆகவே ‘சரக்கு நின்றது’ என்று உறையின் வெளியே, தங்கள் பெயருக்கு மேலே எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டால் இந்தக் கடிதத்தைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. ஒருவேளை படித்தால், மேலே இரண்டாவதாக நான் எழுதியதை மட்டும் அடித்துவிடவும். அது தவறு. நேரம் நல்ல நேரம்தான். தண்ணீர்தான் பதினான்காம் பக்கத்தில் இருந்தது.