கவ்வாத்து அண்ணன் வெட்டிய கோட்

கஹவத்தையில் கவ்வாத்து அண்ணனிடம் ஒரே தடவையில் 'சரி' வாங்குவதைவிட வெளிநாட்டு விசா வாங்குவது லேசு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி நாங்கள் எழுதும் கம்ப்யூட்டர் கோட் வரிகளை மட்டம் பார்த்து வெட்டுவார். அதனால் வந்த பேர் அது.

மழை மிஞ்சினால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற சனத்தின் போனுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் மண்சரிவு எச்சரிக்கை போகவேண்டும். அதற்கான மென்பொருளை நாங்கள் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தோம். என் அம்மாவின் லயம் மண்மேட்டின் அடிவாரத்தில். மாரி வருமுன் முடியவேண்டும் என்று நான் துடித்தேன். ஆனால் யார் எழுதினாலும் அண்ணன் பார்த்த பிறகுதான் அது சேரும்.

"தங்கச்சி, இந்த எக்ஸ் யாரு?"

"மழை அளவுண்ணே."

"அப்ப மழை அளவுன்னே பேரு வைங்க. ஒங்க அம்மா ஒங்களுக்கு எக்ஸுன்னா பேரு வச்சாங்க?"

மாற்றி அனுப்பினேன். கமாவுக்குப் பிறகு இடம் விடவில்லையாம், திரும்பி வந்தது. விட்டேன். வரி நீளமாம்.

"அய்யோ அண்ணே, மழை வரப்போவுது!"

"வரட்டும். யாரு எழுதுனாங்கன்னு கண்டுபுடிக்க முடியாத மாதிரி எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும். ஹரித, சரியா?"

பாவி மனுசன்! ஒருநாள் எங்களைக் குரூப் போட்டோ எடுக்கவென்று உயர வரிசையில் மாற்றி மாற்றி நிறுத்தினார். வரிசை ஒழுங்கானபோது இருட்டிவிட்டது.

மாரி வந்தது. ஒரு பின்னேரம் சிங்களச் செய்தி போனது, தமிழ்ச் செய்தி போகவில்லை. அது நான் எழுதிய பகுதி. நானோ கொழும்பு பஸ்ஸில், கையில் போன் மட்டும். முந்தின வாரம்தான் எங்களோடு சேர்ந்த, வரக்காப்பொல ஊர்ப் பிரியாவைக் கூப்பிட்டு அழுதேன். என் கோட் வரிகளை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

"அழாதீங்கக்கா. எல்லாம் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கு, படிச்சதும் வெளங்குது. இந்தா, பிழை கெடச்சிருச்சு!"

அவள் திருத்தியதை அண்ணன் அந்த நிமிசமே சேர்த்தார். "கமா சரியா இருந்துச்சு" என்று காரணமும் சொன்னார்.

தமிழ்ச் செய்தி போனது. அம்மாவும் லயத்துச் சனமும் பாதுகாப்புக்கு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் எங்கள் குசினி அடுப்போடு மண்ணுக்குள். பஸ்ஸில் அழுததைவிட அதிகமாக அப்போதுதான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அம்மா கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். அண்ணன் பேருக்காம். ஐயர் பேர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், எனக்கும் அவருடைய நிஜப் பேர் தெரியாது. எங்களுக்கு வருகிற மெசேஜிலும் அவர் பேர் கவ்வாத்துதான்.

"கவ்வாத்துன்னே சொல்லுங்க சாமி" என்றார் அம்மா.

"நட்சத்திரம்?"

"எம் மக நட்சத்திரத்தையே போடுங்க. அதுவும் எம் புள்ளதான்."