மெஷின் அடங்கிவிட்டது, அத்தையை அனுப்பவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நான் நலம், மெஷின் என்னைவிட நலம். நீங்களும் மகளும் நலமா? கோபித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தைக்குத் தலைவலி விட்டதா? "அந்த மெஷின் அதிர்றது நிக்கிற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பட்டறைக்கும் எங்கள் சமையலறைக்கும் ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை அரைத்தால், அந்தப் பக்கம் அவள் மண்டைக்குள் அரைக்கிறதாம்.

நீங்கள் போனில், "மாமா, அதிர்வு எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் ரப்பர் வைக்கலாம்" என்றீர்கள். படித்தவர் சொன்னால் கேட்க வேண்டும்தான். ஆனால் ரப்பர் கைவசம் இருந்தது, பொறுமை இல்லை. போல்ட்டையெல்லாம் கழற்றி நாலு காலுக்கும் ரப்பர் வைத்தேன். மெஷின் சாயங்காலத்துக்குள் ஒரு சாண் நகர்ந்து, உங்கள் அத்தையைப் போலவே வாசலைப் பார்த்து நின்றது. கொத்தனாரைக் கூப்பிட்டு காங்கிரீட் போட்டு இறுக்கினேன். இப்போது மெஷின் அசையவில்லை, வீடு அசைந்தது. சமையலறையில் பாத்திர மூடிகள் தாமாகவே தாளம் போட்டன. கடைசியில் ஃபிட்டர் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, பிளேடுல ஒண்ணு மட்டும் புதுசா இருக்கே, யாரு மாத்துனது?"

"நான்தான். ஒண்ணுதானே உடைஞ்சுது?"

"அப்ப ஒரு பக்கம் கனம், மத்ததெல்லாம் தேய்மானம். சுத்தும்போது தூக்கிப் போடாம என்ன செய்யும்?"

காய்கறிக்காரரின் தராசை இரவல் வாங்கி, எல்லா பிளேடையும் எடை பார்த்துச் சமமாக்கி மாட்டினோம். ஓட விட்டு, மெஷின் தலையில் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை, மாப்பிள்ளை!

அந்தச் சந்தோஷத்தில், அவள் வருவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று இறங்கினேன். சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்னால் மடித்த துணி. தம்ளர்களுக்கு நடுவில் என் பழைய காலுறை. மேஜைக் காலுக்கடியில் தீப்பெட்டி அட்டை. அலமாரிக் கைப்பிடியில் நூல் முடிச்சு. எதற்கு இந்தக் குப்பையெல்லாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகுதான் உறைத்தது. நான் ஒரு மெஷினை அடக்க இந்தப் பாடு படுகிறேன். அவள் இத்தனை வருஷமாக வீட்டையே ஒவ்வொரு சாமானாக அடக்கி வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகும் மிஞ்சிய அதிர்வுக்குத்தான் கோபித்திருக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி அவளுக்கு அந்த வேலை வேண்டாம் என்று எல்லாவற்றையும் அவிழ்த்து வீசிவிட்டேன்.

ஆகவே அத்தையை உடனே அனுப்பி வைக்கவும். நீங்கள் இருவரும் சகல சௌக்கியங்களோடும், முக்கியமாகப் பட்டறை இல்லாத வீட்டிலும், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ளது மெஷினைக் காலியாக ஓட்டிப் பார்த்து எழுதியது. சற்று முன்புதான் குழாய்த் துண்டுகளைக் கொட்டினேன். படங்கள் தரையில், தம்ளர்கள் தரையில். அலமாரிக் கதவு அறைந்துகொண்டே இருக்கிறது. நான் கட்டும் நூல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறது. அத்தையிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். கைப்பிடிக்கு என்ன முடிச்சுப் போட்டாள் என்று மட்டும் பேச்சுவாக்கில் கேளுங்கள். "அதையும் அவிழ்த்துட்டாரா அந்த மனுஷன்?" என்று திட்டிக்கொண்டே பெட்டியைக் கட்டுவாள்.