கண்ணாடிக் கதவுக்கு ஒரு பூட்டு

"என்ன மிசே திருட்டுப் போச்சு?" என்று கேட்டார் அலாவுதீன்.

"ஒண்ணுமே போகலய்யா. அதான் பயமா இருக்கு!" என்றார் ஆத்ரியேன்.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, காரைக்காலில் வீடு கட்டிக் குடியேறியவர் ஆத்ரியேன். ஊரில் அவரை 'ஐயா' என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கப்படி 'மிசே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்திலிருந்து தோட்டத்துக்குப் போக, பிரான்சில் பார்த்தது போலவே இரண்டு பெரிய கண்ணாடிகள் வைத்த, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு போட்டிருந்தார். கொஞ்ச நாளாக, அவரும் மனைவி ழோசெத்தும் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தால் கூடத்தில் செருப்பு மண். கதவின் கைப்பிடியில் உள்பக்கம் ஒரு கொக்கி மட்டும்தான். சாவி கிடையாது. எவனோ வெளியிலிருந்து கம்பி விட்டு அதை நெம்புகிறான் என்பது ஆத்ரியேனின் முடிவு.

"கைப்பிடியிலயே தொளை போட்டு சாவிப் பூட்டு வச்சுடுவோம். குவைத்துல ஷேக்கு வீட்டுக்கே போட்டவன் நான்," என்றார் அலாவுதீன். அங்கே அலுமினிய வேலை பார்த்துவிட்டுத் திருமலைராயன்பட்டினத்தில் கடை வைத்திருந்தார்.

"சாயங்காலம் அனெத்தைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சிடுங்க," என்றார் ழோசெத். மகள் அனெத் தலை பின்னிப் பூ வைத்துக்கொள்ள அடுத்த வீட்டு ஆஸியா பீவியிடம் போயிருந்தாள்.

வரப்போவது உள்ளூர் பிரான்சுவா குடும்பம். மாப்பிள்ளை தெனிஸுக்குப் பிரான்சில் வேலை, இப்போது விடுப்பில் வந்திருந்தான். மாதா கோயிலில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற பையன். அதனாலேயே ஆத்ரியேனுக்கு அவன் மேல் தனி மதிப்பு.

அலாவுதீன் துளை போட்டார். பூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டு ஆத்ரியேன் கதவைத் தள்ளினார். அது சாவகாசமாகத் திறந்துகொண்டது.

"பூட்டோட நாக்கு எட்டல மிசே. நீளமா ஒண்ணு போட்டுடுவோம்."

நீளமான நாக்கு போட்டதும் கதவு மூட மறுத்தது. நாக்கு சட்டத்தில் முட்டியது. அலாவுதீன் அரத்தால் சட்டத்தை ராவினார். ஆத்ரியேன் தன் பங்குக்குச் சுத்தியால் ஒரு போடு போட்டார். இப்போது கதவு சிக்கென்று மூடிக்கொண்டது.

"திருடன் நிக்கிற இடத்துலேருந்து சோதிக்கணும். வாங்க வெளியில!" என்றார் ஆத்ரியேன்.

மூவரும் தோட்டத்தில் இறங்கினார்கள். ஆத்ரியேன் கதவை இழுத்து மூடி, வெளியிலிருந்து பூட்டினார். தோளைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. "பார்த்தியா ழோசெத்!" என்று பெருமையோடு சாவியைத் திருப்பினார். பாதிச் சாவி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வாசப் பக்கமா போயிடலாம்," என்றார் அலாவுதீன்.

"வாசக் கதவ உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"எதுக்குங்க?" என்றார் ழோசெத்.

"திருடனுக்குத்தான்!"

ஜன்னல்களிலெல்லாம் இரும்புக் கம்பி. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

ஆத்ரியேன் இடுப்பில் லுங்கி, மேலே பனியன். அவருடைய கோட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. மேசை மேல் கேக்கு. அதற்கு மேலே மின்விசிறி, யாருமில்லாத கூடத்துக்கு ஜோராகக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க! தோட்டத்துல உக்காரலாம். பிரான்சுலல்லாம் வெயில்லதான் விருந்து," என்று ழோசெத் அவர்களைக் கொல்லைப் பக்கம் அழைத்து வந்தார்.

பிரான்சுவா கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அவர் மனைவிக்குக் கவிழ்த்த வாளி கிடைத்தது. தெனிஸ் நின்றான். ஏப்ரல் வெயிலில் எல்லோரும் கண்ணாடி வழியாகக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவரு யாரு?" என்று அலாவுதீனைக் காட்டிக் கேட்டார் பிரான்சுவா.

"ஷேக்கு வீட்டுக்கே..." என்று ஆரம்பித்த அலாவுதீன், ழோசெத்தின் பார்வையைக் கண்டு அடங்கிப்போனார்.

கடைசியில் பிரான்சுவாவின் மனைவி எழுந்து, "கொஞ்சம் உள்ள போகணுமே," என்று ழோசெத்தின் காதில் சொன்னார். ழோசெத் கணவரைப் பார்த்தார். இதற்கு மேல் மறைக்க முடியாது. ஆத்ரியேன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மிக் குழவியைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராக ஓங்கினார்.

"ஐயோ, வேணாம் மாமா!"

தெனிஸ் பாய்ந்து போனான். பூட்டுப் போட்ட கண்ணாடியை அவன் தொடவே இல்லை. பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கி, ஒரு தள்ளு தள்ளினான். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. மின்விசிறிக் காற்று எல்லோர் முகத்திலும் அடித்தது.

அந்தக் கண்ணாடி நகரும் என்பதே ஆத்ரியேனுக்கு அதுவரை தெரியாது. குழவியைக் கீழே வைக்கவும் மறந்து, "எப்படித் தம்பி?" என்றார்.

தெனிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அனெத்தை அழைத்துக்கொண்டு, கையில் சர்பத் தட்டோடு கொல்லை வழியாக வந்த ஆஸியா பீவி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னங்க இது, இனிமேத்தான் பொண்ணு பாக்கப் போறீங்களா? நீங்க தூங்குனதும் இந்தத் தம்பி தெனம் இப்படித்தான தொறந்துக்கிட்டு உள்ள போவுது, உங்க மருமவப்புள்ளன்னுல நெனச்சுக்கிட்டிருக்கேன்!"