கேள்வி இல்லாத வினாத்தாள்

கல்யாணமான புதிதில் என் மனைவி என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் "பிராக்கெட்டை மூடுங்க" என்பதுதான். (இன்றுவரை மூடி வருகிறேன்.) அதற்கு அடுத்தபடியாக "மேலே இல்ல, கீழே" என்றாள். புதுமணத் தம்பதிகள் பேசிக்கொள்வதாக நான் நினைத்திருந்த வேறு எதையும் அந்த ஆண்டு அதிகம் கேட்டதாக நினைவில்லை.

விமலா கணித ஆசிரியை. கிள்ளானில் எங்கள் திருமணம் முடிந்து, விருந்துக்கு அழைத்த வீடுகளில் பாதிக்குக்கூடப் போய் முடிக்கவில்லை. சரவாக்கின் உட்பகுதியில் ஓர் ஆற்றோரப் பள்ளிக்கு அவளை நியமித்து உத்தரவு வந்தது. விமானம், பிறகு ஜீப், பிறகு நீளப் படகு. நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியர். மற்றவர்கள் எழுதியதைக் குறைப்பது என் வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று நம்பினேன். இந்தக் கட்டுரையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம்.

விமலாவின் பள்ளியில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். திடலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி இருந்த மேடு. சாயங்காலமானால் ஆசிரியர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். குரல் போகும், படம் போகாது. அவளுடைய மடிக்கணினி முதல் தவணையிலேயே படகிலிருந்து ஆற்றுக்குள் போய்விட்டது. பள்ளிக் கணினி ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் உயிர் பெறும். அந்த நேரம் முழுக்க அது அலுவலக எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் சொத்து.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் மேட்டில் நின்று கேள்விகளைச் சொல்வாள். நான் கோலாலம்பூரில் தட்டச்சு செய்து, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த சிறு பட்டணத்து அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அச்சான தாள்கள் உறையில் முத்திரையிடப்பட்டுப் பள்ளிப் படகில் வந்து சேரும்.

"எனக்குக் கணக்கு வராதே, விமலா."

"கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க டைப் மட்டும் பண்ணுங்க லா."

இப்படித்தான் ஈக்குவேஷன் எடிட்டர் எங்கள் இல்லறத்துக்குள் நுழைந்தது. பின்னம் வேண்டுமென்றால் அது நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே ஒரு சின்னப் பெட்டி, கீழே ஒரு சின்னப் பெட்டி, இரண்டையும் புள்ளிக் கோட்டில் வரைந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். நாம் நிரப்பும்வரை பெட்டிகள் வெறுமையாக நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். வர்க்கம் போட்டால் எழுத்து குறுகி மேலே ஏறிக்கொள்ளும். அம்புக்குறி விசையைத் தட்டி இறங்க வேண்டும். எனக்கு இது தெரியாது. முதல் நாள் நான் செய்த முழுச் சமன்பாடும் எக்ஸின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் அழைக்கிற நேரம், பத்திரிகையில் பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்புகிற நேரம். காதில் மனைவி, எதிரே ஐந்தாம் பக்கம்.

"மேலே எக்ஸ் ஸ்குவேர் பிளஸ் மூணு. போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன். சாப்பிட்டியா?"

"கீழே எக்ஸ் மைனஸ் ஒண்ணு. பிராக்கெட்டை மூடுங்க."

"மூடிட்டேன். அங்க மழையா?"

"மழைதான். ஈக்குவல்ஸ் செவென். பின்னால சயின்ஸ் டீச்சர் நிக்கறாங்க, சீக்கிரம்."

எங்கள் தலைமைத் துணையாசிரியர் ராஜு அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். "என்னப்பா, பொண்டாட்டி கொஞ்சறாங்களா, டியூஷன் எடுக்கறாங்களா?"

"ரெண்டாவதுதான் அண்ணே."

"ஃபீஸ் கட்டிட்டியா?"

அழைப்பின் கடைசியில் கேட்பதற்கென்று தினமும் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பேன். எப்போது வருவாய்? எல்லாச் சமன்பாடும் முடிந்த பிறகு, நிதானமாக, சரியான குரலில் கேட்க வேண்டும் என்பது திட்டம். சமன்பாடு முடிவதற்குள் சிக்னல் முடிந்துவிடும். கேள்வி என்னிடமே தங்கிவிடும்.

பதில் முழுக்கக் கற்பனை இல்லை. தேர்வு முடிந்ததும் இடமாற்ற விண்ணப்பத்துக்கான இணையத்தளம் திறக்கும். தலைமையாசிரியர் (அவள் பேச்சில் 'பெரிய ஐயா') ஒப்புதல் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தார். கிடைத்தால் ஆண்டு முடிவில் கிள்ளான். நான் முன்கூட்டியே அலமாரியில் பாதியைக் காலி செய்து, என் சட்டைகளை எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கி மாட்டியிருந்தேன். கசங்கிய சட்டையோடு அலுவலகம் போனேன். கொமுட்டர் ரயிலில் மற்றவர்கள் கசக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வியைச் சொல்லி முடித்த அன்று அவள், "ஒரே தாள், ரெண்டு பக்கம்தான். பெரிய ஐயா ரூல். மறந்துடா..." என்றாள். மேடு மௌனமானது.

பின்னம் இரண்டு வரி உயரம் பிடிக்கும். அடுக்குப் பின்னம் மூன்று. நான் தட்டச்சு செய்த தேர்வு மூன்றாம் பக்கத்துக்குள் வழிந்திருந்தது. எழுத்தைச் சிறிதாக்கினேன். வர்க்கங்கள் எறும்பாகின. மறுபடி பெரிதாக்கினேன். அந்த நேரம் பார்த்து ராஜு அண்ணன் குரல் கொடுத்தார்: "விளம்பரம் வந்திருச்சுப்பா! அஞ்சாம் பக்கம், அடியில வெட்டு!"

செய்தியை எப்போதும் அடியில்தான் வெட்டுவோம். முக்கியமானது முதல் வரியில் இருக்கும். போகப்போக உப்புச்சப்பு குறையும். கடைசி வரி போனால் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு கோயில் கூட்டச் செய்தியின் கடைசி வரியை வெட்டினேன். அதே வேகத்தில், அதே கையால், கணக்குத் தாளுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு சமன்பாட்டின் அடியிலும் "எக்ஸின் மதிப்பைக் காண்க" என்று மலாய் மொழியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கூறியது கூறல்! எங்கள் அலுவலகத்தில் அது மன்னிக்க முடியாத குற்றம். எக்ஸ் என்று ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்கத்தானே வேண்டும், அதை வேறு சொல்வானேன்?

எல்லாவற்றையும் வெட்டினேன். இன்னும் ஒரு வரி இடம் தேவைப்பட்டது. படகுக் கணக்கு ஒன்று இருந்தது. ஆற்றோட்டத்துக்கு எதிராக ஒரு படகு மேலே போகிறது. அதன் வேகத்துக்கு அழகான ஒரு பின்னம். கடைசி வரி: "அது திரும்பி வர எவ்வளவு நேரமாகும்?" அதையும் எடுத்தேன். இரண்டு பக்கத்துக்குள் அச்சுப்போல உட்கார்ந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

தேர்வன்று சாயங்காலம் அழைப்பு வந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். குரலில் மரியாதை கூடியிருந்தது. (திருமணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.)

"கேளு."

"கேள்வியெல்லாம் எங்க?"

"எந்தக் கேள்வி?"

"ஒவ்வொரு கணக்குக்கும் அடியில நான் சொன்னது."

"அதுவா? இடம் பத்தல. எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

மேட்டில் காற்றடிப்பது கேட்டது.

"எடுத்துட்டீங்க."

"சமன்பாட்டப் பாத்தா என்ன செய்யணும்னு புள்ளைங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? எனக்குக் கணக்கு வராதே."

"ஆமா. சொன்னீங்க."

பிறகு அவளே விவரம் சொன்னாள். சில மாணவர்கள் எக்ஸைக் கண்டுபிடித்தார்களாம். சிலர் வரைபடம் போட்டார்களாம். ஒரு மாணவி எல்லாச் சமன்பாடுகளையும் அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி, "தகவலுக்கு நன்றி, டீச்சர்" என்று முடித்திருந்தாளாம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

"பெரிய ஐயா கூப்பிட்டாரு," என்றாள். தலைமையாசிரியர் அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவர். மற்ற கணக்குகளை விட்டுவிட்டுப் படகுக் கணக்கில் மட்டும் விரலை வைத்து, "படகு மேலே போயிடுச்சு. சரி. அப்புறம்?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் டைப் பண்ணினேன், தப்பாயிடுச்சுன்னு சொன்னேன். பின்ன, உங்க பேரச் சொல்ல முடியுமா?"

தேர்வை மறுபடி நடத்த வேண்டும் என்றார் அவர். முதலில் வினாத்தாள், பிறகுதான் இடமாற்ற ஒப்புதல். அவள் கரும்பலகையில் எல்லாச் சமன்பாடுகளையும் கையால் எழுதினாள். மறுதேர்வு நடந்து, திருத்தி, அவர் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது இணையத்தளம் அந்த ஆண்டுக்கு மூடியிருந்தது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லக் கிடைத்திருக்கும்.

அலமாரியின் பாதி இன்னோர் ஆண்டு காலியாக இருந்தது. என் சட்டைகளைப் பரத்தி மாட்ட மனம் வரவில்லை. கசங்கல் காலர்வரை ஏறியபோது ராஜு அண்ணன் எதுவும் கேட்காமல் தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

ஆனால் அந்த ஆண்டில் ஒன்று மாறியது. விமலா என்னை நம்பிக் கடைசி வரியைக் கடைசியில் வைப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த தேர்வுக்கு அழைத்தபோது, நான் தயாராவதற்குள் ஆரம்பித்தாள்: "உங்க நெனப்பாவே இருக்கு. சரி, எழுதிக்குங்க. மேலே எக்ஸ் ஸ்குவேர்..." நான் விசைகளைத் தவறவிட்டேன். அன்று நான் போட்ட பின்னங்களில் பாதிக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு அழைப்பும் அந்த வரியில்தான் தொடங்கியது.

இப்போது அவள் கிள்ளானில் ஒரு பள்ளியில் இருக்கிறாள். அதே செயலியைத் திரையில் காட்டிப் பாடம் நடத்துகிறாள். அவளுடைய வினாத்தாளில் கேள்வி முதலில் வரும், சமன்பாடு அதற்குக் கீழே. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இது நவீன முறை என்று பாராட்டிவிட்டுப் போனார். அவள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த பார்வையில் நவீனம் எதுவும் இல்லை.

சாயங்காலம் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அழைப்பாள். பின்னாலிருந்து எங்கள் மகள் கத்துவது கேட்கும்: "ம்மா, கடைசி வரிய மொதல்ல சொல்லுங்க! அப்பா வெட்டிருவாரு!"

"பால் வாங்கிட்டு வாங்க," என்பாள் விமலா.

"சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன். சிக்னல் முழுதாக இருக்கும்.