நீதிபதி வின்ஷிப் பாலத்தில் நின்றது

ஹோப்வெல், கனெக்டிகட்
ஏப்ரல், 1797

மதிப்பிற்குரிய தந்தையாருக்கு, மகன் ஓபேத் பணிவுடன் எழுதுவது. இங்கே என் இருமல் நின்றுவிட்டது. அங்கே அம்மாவும், கன்று போட்ட பசுவும் சுகமாயிருக்கத் தேவனை வேண்டுகிறேன்.

தோல் பதனிட ஆளில்லை, சட்டப் படிப்பை விட்டுவிட்டு உடனே வா என்று எழுதியிருந்தீர்கள். வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் என்றும். தயவுசெய்து எனக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள். நான் யாரிடம் படிக்கிறேன் என்று சொல்கிறேன். பிறகு முடிவு செய்யுங்கள்.

நீதிபதி ஆசகேல் வின்ஷிப்.

கல்யாணமான வருடம் ஊர்க்கூட்டம் அவரைத் தெருவில் அலையும் பன்றிகளைப் பிடிக்கும் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. புது மாப்பிள்ளைகளை வைத்துச் செய்யும் வழக்கமான வேடிக்கைதானே. எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் போகவில்லை. மறுநாள் நாற்பத்தோரு பன்றிகளைப் பட்டியில் அடைத்தார். அதில் மூன்று போதகருடையவை. பயந்துபோன ஊர் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. பத்து வருடம். பிறகு நீதிபதி நாற்காலி.

போன ஞாயிறு. திங்கள் காலை பக்கத்து ஊரில் வழக்கு. சூரியன் மறைந்தால்தான் ஓய்வுநாள் முடியும், அதுவரை பயணம் கூடாது, அந்தச் சட்டத்துக்குச் சட்டசபையில் கை தூக்கியவரே அவர், ஆனால் வானம் முழுக்க மேகம், கோழிகள்கூட அடைந்துவிட்டன, அதனால் பொழுது போய்விட்டதென்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பி, பாலத்தின் நடுவுக்கு வந்தபோது மேற்கே மேகம் விலகி, மலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் சூரியன் உட்கார்ந்திருந்தது. எதிரே ஓய்வுநாள் காவலர் எல்நாத்தான் டிரேக். கையில் கோல்.

பாவம், அவர்தான் நடுங்கினார். “ஐயா, நான் ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நீங்க போயிடுங்க.”

“பார்த்துட்டீங்களே, எல்நாத்தான். சத்தியம் பண்ணி வாங்கின வேலை. புகார் எழுதுங்க.”

அவருக்கு எழுத வராது. நான் எழுதினேன். என் எஜமான்மேல் புகார், என் கையெழுத்தில். நீதிபதி குனிந்து பார்த்து, குற்றவாளியின் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னார்.

அப்புறம்தான் கஷ்டம். முன்னால் போனாலும் பயணம், திரும்பினாலும் பயணம். ஆகவே சூரியன் மறையும்வரை அங்கேயே நின்றோம். மழை வந்தது. வாத்துகள் வந்து பார்த்தன. எல்நாத்தான் தொப்பியை நீட்ட, சாட்சியிடம் குற்றவாளி எதுவும் வாங்கக் கூடாதென்று நீதிபதி மறுத்துவிட்டார். அவர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்பா, சட்டம் என்பது புத்தகத்தில் இருப்பது என்று நினைத்திருந்தேன். அது பாலத்தில் நனைந்துகொண்டு நின்றது.

இந்த மனிதரை விட்டு வரச் சொல்லாதீர்கள்.

அம்மாவின் கைகளுக்கு முத்தம். தங்கள் ஆசியை வேண்டும்,
ஓபேத்

பி.கு.: முத்திரை வைக்கும்போது நீதிபதி வந்து, அப்பா என்ன எழுதியிருந்தார் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. “வயசு என்னப்பா?” என்றார். பத்தொன்பது. “இருபத்தொண்ணு வரைக்கும் உனக்கு உங்கப்பா சொல்றதுதான் சட்டம். கிளம்பு.” கெஞ்சினேன். சேணத்தை அவரே கட்டிவிட்டார். இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்திருக்கிறேன். எதிரில்தான் நிற்கிறேன். படித்து முடித்ததும் தோல் எங்கே ஊறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.