ஹாபர் காக்காவின் திருகோணமலை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி வெள்ளைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஹாபர் காக்காவுக்குத் தெரிந்ததில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, கல்முனைக்குடியில் அவருடைய தையல் கடையில், காற்சட்டைக்கு அளவெடுக்கும்போது இலவசமாகக் கிடைக்கும்.

காக்காவுக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தவர்கள் கடைக்கு எதிரே நின்றே திரும்பிப் போயிருக்கிறார்கள். ஊர் முழுக்க அவர் ஹாபர் காக்கா, துறைமுகத்து அண்ணன்தான்.

"ரெண்டாம் உலகச் சண்டைக் காலம் தம்பி. நான் கொடி காட்டாட்டி ஒரு கப்பல் உள்ள வராது. ஒருக்கா எனக்குக் காய்ச்சல். பதினெட்டுக் கப்பல் மூணு நாளா வெளியில நிண்டிச்சு. கடைசியில துரையே வந்து என்ட பாயடியில நிண்டு அழுதான்."

அடுத்த மாதம் பதினெட்டுக் கப்பல் இருபத்தாறாகும். துரையோடு துரைசாணியும் சேர்ந்து அழுவாள். நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை. நம் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவை இறுக்கிப் பிடித்திருக்கும் மனிதரிடம் யார் வாதாடுவார்? ஒரே ஒரு கஷ்டம், கப்பல் பெரிதாக வந்த நாளில் அளவெடுத்தவனின் காற்சட்டையும் பெரிதாகவே வரும். நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டிருந்தது, இருபத்தாறு கப்பல் காற்சட்டை. கையெழுத்துப் போடும்போதுகூட ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருசம் என் கூட்டாளி ஜவாத் ஒரு வேன் வாங்கினான். பழைய வேன்தான். ஆனால் அவனுக்குப் புதிது. முதல் பயணம் எங்கே போகலாம் என்று காக்காவின் கடையில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா, குரல் கொடுத்தார்.

"திருகோணமலைக்குப் போங்க தம்பி. நானும் வாறன். முப்பது வருசமாக் கேட்ட ஊர ஒருக்காக் கண்ணால பாக்கோணும்."

காக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் வெட்ட வேண்டிய கோட்டை விட்டு வேறெங்கோ போனது. யாரோ ஒருவருடைய முழுக்கைச் சட்டை அன்று அரைக்கைச் சட்டையானது.

அந்த வெள்ளிக்கிழமை வரை காக்கா பல காரணம் சொன்னார். முழங்கால் வலி என்றார். கடல் கொந்தளிப்பு என்றார். தான் வருவதாகத் தெரிந்தால் ஹாபரில் வேலையை நிறுத்தி வரவேற்பு வைத்துவிடுவார்கள், அது அரசாங்கத்துக்கு நட்டம் என்றார். ராத்தாவோ நல்ல சாரியொன்றை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். காக்கா முன் சீட்டில், ஜவாதுக்குப் பக்கத்தில். ராத்தாவும் நானும் பின்னால். மட்டக்களப்பைத் தாண்டும் வரை கதை ஓடியது. அதன் பிறகு காக்கா, பரீட்சை மண்டபத்துக்குள் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஹபரணை ஊரும் தாண்டிப் போனது. திடீரென்று ஒரு பக்கம் பெரிய தண்ணீர்ப் பரப்பொன்று அலையடித்துக்கொண்டு தெரிய, அவருக்கு உயிர் வந்தது.

"புள்ள, இந்தா பாரு! இதுதான் ஹாபர்க் கடல்! கப்பலெல்லாம் அந்த மூலையாலதான் வாற!"

"காக்கா, இது கந்தளாய்க் குளம்" என்றான் ஜவாத்.

காக்கா தண்ணீரை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமா எண்டு பாத்தன்."

அடுத்த தேநீர்க் கடையில் வேன் நின்றதும் காக்கா என் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தம்பி, நான் மட்டக்களப்பத் தாண்டினதே இல்ல."

"அப்ப ஹாபர்?"

"பொண்ணு கேக்கப் போகக்குள்ள அவட வாப்பா, தையக்காரனுக்குக் குடுக்க மாட்டன் எண்டார். ஹாபர்ல வேல செஞ்சவன் எண்டு வாயில வந்திட்டு. பிறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "இண்டைக்கு அவள் கண்டு பிடிச்சா, நான் என்ன மூஞ்சோட அந்த வீட்டுல சோறு தின்னுற?"

நான் ஜவாதிடம் சொன்னேன். அவன் இந்தப் பாதையில் பலமுறை ஓடியவன். முன் சீட்டில் மெல்லச் சொல்லிக் கொடுப்பதாகவும், காக்கா அதைச் சத்தமாகச் சொல்வதாகவும் ஏற்பாடு.

நன்றாகத்தான் தொடங்கியது. "சீனன்குடா" என்று ஜவாத் கிசுகிசுத்தான்.

"சீனன் குடை!" என்று காக்கா முழங்கினார். "சீனனெல்லாம் அந்தக் காலத்தில இஞ்சதான் குடை வித்த!"

ஜவாத் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். எண்ணெய்த் தாங்கிகளைக் காக்கா சரியாகச் சொன்னார். திருகோணமலைக் கோட்டைக்குள் மேய்ந்த மான்களில் ஒன்றைக் காட்டி, "இதுட உம்மும்மாவுக்கு நான் பாண் குடுத்திருக்கன்" என்றார். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சொந்தச் சரக்கு.

ஆபத்து, துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் காத்திருந்தது. உள்ளே பாரந்தூக்கிகள் தெரிந்தன. ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்து மேசையில் ஒரு வயதானவர். வாழ்நாள் முழுக்க ஹாபரில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். கடைக்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "இவரும் ஹாபர் ஆள்தானாம்" என்று காக்காவைக் காட்டிவிட்டார்.

பெரியவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "அப்படியா! எந்தப் பகுதி? ஆருட்ட வேல செஞ்சனீங்க?"

காக்கா தேநீரை விழுங்கினார். இன்னொரு முறை விழுங்கினார். கோப்பை காலி. காலிக் கோப்பையையும் ஒரு முறை விழுங்கினார். நான் ஜவாதைப் பார்த்தேன். ஜவாத் கூரையைப் பார்த்தான்.

"கொடி தைக்கிற பகுதி" என்றார் ராத்தா.

எல்லோரும் திரும்பினோம். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அமைதியாகப் பெரியவரைப் பார்த்துச் சொன்னார்.

"கப்பலுக்குக் காட்டுற கொடியெல்லாம் இவருதான் தைச்ச. உள்ளுக்க இருந்து மெசினடிக்கிற வேல. வெளிய வாறதில்ல. அதுதான் ஒருத்தருக்கும் முகம் தெரியாது."

பெரியவர் யோசித்துத் தலையாட்டினார். "ஓம், ஓம். அந்தக் காலத்தில நல்ல கொடிதான்" என்று காக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் இருந்தோம். காக்கா காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அலையில் தனியாக நின்றார். கரையைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"ராத்தா, எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"கலியாணத்துக்கு முந்தி. எங்கட மாமா ஒராள் இஞ்ச வேல செஞ்சவர். அப்பிடி ஒரு ஆளே இல்ல எண்டு வந்து என்னட்டத்தான் முதல்ல சொன்னார்."

"வாப்பாட்டச் சொல்லல்லயா?"

"சொன்னாக் கலியாணம் நிண்டிருக்குமே தம்பி." ராத்தா காலடி மணலைக் கையால் தடவிச் சமப்படுத்தினார். "எனக்கு நிப்பாட்ட விருப்பமில்ல. மாமாவையும் கதைக்க விடல்ல."

அன்றிரவு ஜவாதின் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் புறப்பட்டோம். இந்த முறை காக்கா பின் சீட்டில், ராத்தாவுக்குப் பக்கத்தில். கந்தளாய் வரை ஒரு சொல் இல்லை. அவரை அப்படி நாங்கள் கண்டதே கிடையாது. வேனில் ஒரு சுகமில்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போவது போல் இருந்தது.

கடைசியில் ராத்தாதான் வாயைத் திறந்தார். "என்னங்க, வழி நீளமாக் கிடக்கு. நீங்க கதைக்காம வந்தா நாங்க எப்பிடி ஊருக்குப் போய்ச் சேர்ற?"

காக்கா அவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கொடி தைக்கிறதெண்டா லேசில்ல புள்ள..."

கல்முனை வரும்போது அவர் நாற்பது நாட்டுக் கொடி தைத்து முடித்திருந்தார்.

சில வருசம் கழித்து எனக்குத் திருகோணமலைக்கே வேலை மாற்றம் வந்தது. முதல் லீவில் ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். காக்காவுக்குப் பார்வை மங்கியிருந்தது. என் குரலைக் கேட்டதும் மெசினை நிறுத்தினார்.

"தம்பி, ஹாபர்ப் பக்கம் போனயா? என்னப் பத்தி ஆரும் விசாரிச்சாங்களா?"

திரைச்சீலைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. காத்திருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஓம் காக்கா, எல்லாரும் சுகம் விசாரிச்சாங்க" என்றேன். "நீங்க விட்டிட்டு வந்த பிறகு ஹாபர் முந்தி மாதிரி இல்லயாம்."